கால் ஏக்கருக்கு எந்தக் குடில்: நிழல்வலையா, பாலிஹவுஸா, ஃபேன்-பேடா?

தருமபுரிப் பக்கம் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் என் சித்தப்பா மகன் போன மாதம் மூன்று கொட்டேஷன்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். மூன்றுமே ஆயிரம் சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய 25 சென்ட்டுக்கு. ஒன்று நிழல்வலைக் குடில். அடுத்தது, காற்று தானாகப் போய்வருகிற சாதாரண பாலிஹவுஸ். மூன்றாவது, ஒரு பக்கம் பெரிய மின்விசிறிகளும் எதிர்ப்பக்கம் தண்ணீர் வழியும் அட்டைப் பேடும் வைத்த குளிர்க்குடில், அதாவது ஃபேன்-பேட். கீழே ஒரு வரி: “அண்ணா, மூணாவதுதான் பெஸ்ட்டுன்னு சொல்றாங்க. குடைமிளகாய் போடப்போறேன். போட்டுடலாமா?”

போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை இது. தளிப் பக்கம் எட்டு வருடமாக நான் பாலிஹவுஸில் குடைமிளகாயும் வெள்ளரியும் வைக்கிறேன். இதே கேள்வியோடு நிறையப் பேர் வருகிறார்கள், பலர் நகையை அடகு வைத்த பணத்தோடு வருகிறார்கள். அதனால் அவனுக்குச் சொன்னதை எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

முதலில் விலை. தேசியத் தோட்டக்கலை இயக்கத்தின் 2014 வழிகாட்டுதலில் மானியத்துக்காக வைத்த மதிப்பை எடுத்துக்கொள்வோம். குழாய்ச் சட்டம் போட்ட நிழல்வலைக் குடில் சதுர மீட்டருக்கு 710 ரூபாய். இயற்கைக் காற்றோட்ட பாலிஹவுஸ், நம் அளவுக்கு, 935 ரூபாய். ஃபேன்-பேட் குடில் 1,465 ரூபாய். இதில் பாதி மானியம். வலைக்கு 355, பாலிஹவுஸுக்கு 467.50 என்று தோட்டக்கலைத் துறை நோட்டீஸில் பார்த்திருப்பீர்கள், அந்தக் கணக்குதான். இரும்பு விலை எங்கேயோ போய்விட்டது, மதிப்பும் பின்னால் திருத்தப்பட்டது. இன்றைய தொகையை உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு இங்கே வேண்டியது விகிதம்தான். வலைக்கு ஒரு பங்கு என்றால் பாலிஹவுஸுக்கு ஒன்றேகால் பங்குக்கு மேல், ஃபேன்-பேடுக்கு இரண்டு பங்கு. மானியம் கழிக்காமல் பார்த்தால், ஆயிரம் சதுர மீட்டரில் பாலிஹவுஸுக்கும் ஃபேன்-பேடுக்கும் நடுவே ஐந்து லட்சத்து முப்பதாயிரம் ரூபாய் வித்தியாசம். இந்த ஐந்தே கால் லட்சத்தை ஞாபகத்தில் வையுங்கள், கடைசியில் இதற்குத்தான் வரப்போகிறோம்.

குடில் என்றதும் நம் ஆட்கள் மனதில் வருவது ஹாலந்து. தப்பில்லை. சுமார் 10,000 ஹெக்டேரில் கண்ணாடிக்குடில் போட்டிருக்கிறார்கள். தக்காளி சதுர மீட்டருக்கு 50 கிலோவைத் தாண்டுகிறது. வாகனிங்கன் பல்கலைக்கழகத்தின் குடில் ஆராய்ச்சி நிலையம் பிளெய்ஸ்வெய்க் என்ற ஊரில் இருக்கிறது. உலகத்தில் குடில் பற்றி எழுதுகிற எவரும் அவர்கள் அளந்து வைத்த எண்களைத் தொடாமல் போக முடியாது. ஒரு கிலோ தக்காளிக்கு ஸ்பெயின், இஸ்ரேல் போன்ற இடங்களில் திறந்த வயலில் சொட்டுநீர் விட்டாலும் சுமார் 60 லிட்டர் தண்ணீர் ஆகிறது. ஹாலந்துக் குடிலில் 15 லிட்டர் அளவில் முடிந்துவிடுகிறது. முழுக்க மூடிய குடிலில், செடி விடும் ஆவியையே குளிரவைத்துத் திரும்பப் பிடித்தால், 4 லிட்டர். இந்த எண்களை முதலில் படித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஆனால் அந்தக் குடில் எதை வெளியே நிறுத்தக் கட்டப்பட்டது? குளிரை. அங்கே கண்ணாடி போடுவது வெயிலை உள்ளே பிடித்து வைக்க. இயற்கை எரிவாயு எரித்துச் சூடு பண்ணுகிறார்கள், அந்தப் புகையின் கரியமில வாயுவைச் செடிக்கு ஊட்டுகிறார்கள், குளிர்காலத்தில் விளக்குப் போடுகிறார்கள். 2022-ல் எரிவாயு விலை ஏறியபோது, அந்தக் குளிர்காலம் முழுக்க விளக்குப் போடாமல் காலியாக விட்ட குடில்கள் நிறைய. இப்போது அவர்களின் ஆராய்ச்சியில் பெரும் பங்கு எரிவாயுவை விடுவதற்கே போகிறது: பூமிக்கடியில் இருந்து வெந்நீர், எல்இடி விளக்கு, ராத்திரியில் இழுத்து மூடும் திரை. நமக்கோ நேர் எதிர்ப் பிரச்சினை. தருமபுரியில் சித்திரை வெயில் 38 டிகிரியைத் தொடும். உள்ளே வந்த சூட்டை எப்படி வெளியே தள்ளுவது என்பதுதான் நம் கேள்வி.

அதனால் நான் ஹாலந்தைவிட அதிகமாகப் பார்ப்பது தெற்கு ஸ்பெயினின் அல்மேரியாவை. 30,000 ஹெக்டேருக்கு மேல் பிளாஸ்டிக் குடில், விண்வெளியில் இருந்து பார்த்தால் வெள்ளையாகத் தெரிகிறது. கம்பியும் தூணும் பிளாஸ்டிக் தாளும்தான், பெரும்பாலும் சூடேற்றும் வசதியே இல்லை. ஹாலந்து விளைச்சலில் பாதிகூட வராது. ஆனாலும் குளிர்காலத்தில் ஐரோப்பா சாப்பிடும் காய்கறிக்கு அந்த ஒரு மாவட்டம் பெரிய ஆதாரம். காரணம் செலவு. கோடையில் கூரை மேல் சுண்ணாம்புக் கரைசலை அடிக்கிறார்கள், மழையோ தண்ணீரோ பட்டால் கழுவிப் போய்விடும். அவ்வளவு வெள்ளைக் கூரைகள் வெயிலைத் திருப்பி அனுப்பியதால், 1983-க்கும் 2006-க்கும் நடுவே அந்தப் பகுதியின் காற்று பத்தாண்டுக்கு 0.3 டிகிரி வீதம் குளிர்ந்திருக்கிறது என்று அந்த ஊர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்களே எழுதினார்கள். உலகமே சூடாகிற காலத்தில் சுண்ணாம்பு இதைச் செய்திருக்கிறது! மண்ணின் மேல் எருவும் அதற்கு மேல் மணலும் பரப்பி ஈரத்தைக் காக்கும் பழக்கமும் அவர்களுடையதே.

இன்னொன்றும் அல்மேரியாவிடம் கற்க இருக்கிறது. 2006 கடைசியில் ஜெர்மனியில், ஸ்பெயின் குடைமிளகாயில் அனுமதி இல்லாத பூச்சிமருந்தின் எச்சம் பிடிபட்டது. வாங்குகிறவர்கள் கதவைச் சாத்திவிடுவார்கள் என்ற நிலை. ஓரிரு பருவத்துக்குள் குடைமிளகாய் விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மருந்தைக் குறைத்து, இலைப்பேனையும் வெள்ளை ஈயையும் தின்னும் நல்ல பூச்சிகளைக் குடிலுக்குள் விட ஆரம்பித்தார்கள். குடில் என்பது பூச்சியை அடைக்கும் கூண்டு என்றால், நன்மை செய்யும் பூச்சியையும் உள்ளே நிறுத்தி வைக்கும் கூண்டு அது. நம்மூரில் இன்னும் வாரம் ஒரு மருந்து என்றே ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, ஃபேன்-பேடுக்கு வருவோம். தம்பி ஆசைப்பட்டது இதற்குத்தான், அதனால் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே போடுகிறேன்.

ஈரப் பேட் வேலை செய்வது மண்பானை மாதிரி. தண்ணீர் ஆவியாகும்போது காற்றின் சூட்டை எடுத்துக்கொள்கிறது. காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு குளிரும். தருமபுரியில் மே மாதப் பகல் 38 டிகிரி, காற்றில் ஈரம் 25 சதவீதம் என்று வையுங்கள். நல்ல பேட் அந்தக் காற்றை 26 டிகிரி வரை இறக்கிவிடும். கேட்க அருமையாக இருக்கிறது, உண்மையும்கூட. இதே பேடைச் சென்னைப் பக்கம் 36 டிகிரி, 60 சதவீத ஈரத்தில் வைத்தால் 31-க்குக் கீழே போவது கஷ்டம். கடலோரத்தில் இருப்பவர்கள் இந்த ஒரு கணக்கைப் பார்த்தே மூன்றாவது கொட்டேஷனைக் கிழித்துப் போடலாம்.

தருமபுரி உள்மாவட்டம், அங்கே குளிரும். ஆனால் அந்த 26 டிகிரி பேடுக்குப் பக்கத்தில் நிற்கும் செடிக்கு மட்டும்தான். காற்று குடிலைக் கடந்து மின்விசிறிக்குப் போய்ச் சேர்வதற்குள் வெயிலில் மறுபடி மூன்று, நான்கு, ஐந்து டிகிரி ஏறிவிடும். வரிசையின் ஒரு முனையில் ஒரு பருவநிலை, மறு முனையில் வேறொன்று. அப்புறம் கரண்ட். ஆயிரம் சதுர மீட்டர் குடிலின் காற்றை நிமிஷத்துக்கு ஒரு தடவை மாற்ற 50 அங்குல மின்விசிறி ஆறாவது வேண்டும், ஒவ்வொன்றும் ஒன்றரைக் குதிரைத்திறன். பத்து மணி நேரம் ஓடினால் நாளுக்கு 66 யூனிட் பக்கம். கோடை மத்தியானம் கரண்ட் போனால்? மற்ற குடிலில் காற்று தானாகப் போய்வரும். இது சுற்றிலும் மூடிய பெட்டி, அரை மணி நேரத்தில் பூவெல்லாம் உதிர்கிற சூடு ஏறிவிடும். அதனால் ஜெனரேட்டர் இல்லாமல் இதை நினைக்கவே கூடாது. தண்ணீரும் குறையாது. அரிசோனா பாலைவனத்தில் அளந்து பார்த்தபோது, செடிக்கு விடுகிற தண்ணீருக்கு இணையாகப் பேடும் குடிக்கும் என்று தெரிந்தது. போர்வெல்லில் உப்புத் தண்ணீர் என்றால் ஓரிரு வருடத்தில் அட்டையின் ஓட்டைகளில் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும்.

நாற்றங்கால் நடத்துகிறவர்களுக்கும், வருடம் முழுக்க ஒரே தரத்தில் பூ அனுப்ப ஒப்பந்தம் வைத்திருப்பவர்களுக்கும் இது சரியாக இருக்கலாம். கால் ஏக்கர் குடைமிளகாய்க்கு நான் சொல்ல மாட்டேன்.

எதிர் ஓரத்தில் இருப்பது நிழல்வலை. எனக்கு இதன்மேல் மரியாதை உண்டு. முதன்முதலாகக் குடிலுக்குள் இறங்குகிறவர், அதுவும் காய்கறியே முதல் தடவை வைக்கிறவர், இதில்தான் தொடங்க வேண்டும் என்று சொல்வேன். 50 சதவீத வலை போட்டாலே மேல் வெயிலின் கடுமை அடங்கிவிடும், சூரியக் கொப்புளம் இல்லாத காய் கிடைக்கும். உயரம் குறைவு என்பதால் கோடைமழைக் காற்றுக்கும் தாங்கும். கிழிந்தால் நாமே தைத்துக்கொள்ளலாம். ஆனால் மழை அப்படியே உள்ளே கொட்டும். ஐப்பசியில் நாலு நாள் விடாமல் பெய்தால் இலையெல்லாம் புள்ளி விழும், காய் அழுகும். மழை வரும் மாதங்களைத் தவிர்த்துப் பயிர் வைப்பவருக்கு வலை போதும். குடைமிளகாய் அப்படி இல்லை, நட்டால் எட்டுப் பத்து மாதம் நிற்க வேண்டும். பாலிஹவுஸில் நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஏக்கருக்கு 30, 40 டன் எடுக்கலாம் என்பதெல்லாம் அந்த நீண்ட காலத்தால் வருவது.

ஆக, நடுவில் இருக்கும் பாலிஹவுஸ். இதையும் தேவதை மாதிரி யாரும் நினைக்க வேண்டாம். பக்கவாட்டில் 40 மெஷ் வலை (அங்குலத்துக்கு 40 கண்) கட்டினால் வெள்ளை ஈ நிற்கும், இலைப்பேன் நுழைந்துவிடும். அதற்கும் நுண்ணிய வலை கட்டினால் காற்று நின்றுவிடும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நான் காற்றைத் தேர்ந்தெடுத்து, இலைப்பேனுக்கு நீல ஒட்டும் அட்டையும் பூச்சியைக் கொல்லும் பெவேரியா பூஞ்சாணமும் வைத்திருக்கிறேன். 200 மைக்ரான் தாள் மூன்று, நான்கு வருடம் வரும். எனக்கு ஒரு தடவை இரண்டாம் வருடமே போனது. தாளைப் பிடிக்கும் ஜிக்ஜாக் ஸ்பிரிங்கை ஓரத்தில் ஒற்றையாகப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சித்திரை மாசத்து ராத்திரிக் காற்றில் துப்பாக்கி வெடிக்கிற மாதிரிச் சத்தம், டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு விரிப்பு முழுக்கக் கம்பத்தில் கொடி மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. தாள் வாங்கும்போது வெளிச்சத்தைச் சிதறடிக்கும் வகை கேளுங்கள். கண்ணாடி மாதிரித் தெளிவாக இருப்பதைவிடப் பால்போல மங்கலாகத் தெரியும். நிழல் கோடு விழாமல் கீழ் இலைக்கும் வெளிச்சம் போய்ச் சேரும். வாகனிங்கனில் கண்ணாடியில் இதைச் சோதித்து விளைச்சல் கூடுவதைக் காட்டினார்கள். ஹாலந்துக் கண்டுபிடிப்புகளில் அப்படியே நம் தோட்டத்துக்குப் பொருந்துகிற சிலவற்றில் இது ஒன்று.

இப்போது நான் பட்ட அடியைச் சொல்கிறேன், இந்தக் கட்டுரைக்கே காரணம் அதுதான். என் மூன்றாவது குடைமிளகாய்ப் பயிர், ஐந்தாம் மாதம். மத்தியானம் சில செடிகள் தலை தொங்கும், சாயங்காலம் எழுந்துகொள்ளும். வெயில் அதிகம் என்று தண்ணீரைக் கூட்டினேன். எழுவது தாமதமாகிக்கொண்டே வந்தது. ஒரு நாள் பொறுக்காமல் ஒரு செடியை வேரோடு பிடுங்கி வாளித் தண்ணீரில் அலசினேன். வெள்ளையாக நார் நாராக இருக்க வேண்டிய வேர் முழுக்க மணி மணியாக முடிச்சு, பாசிமணி கோத்த மாதிரி. நூற்புழு, மண்ணில் இருந்து வேருக்குள் புகுந்து முடிச்சுப் போடும் கண்ணுக்குத் தெரியாத புழு. மழை படாத, வருடம் முழுக்கச் சூடும் ஈரமும் உள்ள, மாற்றுப் பயிர் இல்லாத மண்ணைவிட அதற்கு நல்ல வீடு கிடையாது. மேலே கூரைக்குச் செலவு செய்த நான், கீழே வேருக்கு ஒரு பைசாகூட யோசிக்கவில்லை. அந்தப் பயிரில் பாதி போனது.

ஹாலந்துக்காரர்கள் மண்ணைவிட்டு வெளியே வந்ததே இந்த மாதிரி மண்நோயால்தான். இன்று அவர்கள் பைகளில் வளர்க்கும் செடிகளில் ஒரு பகுதி எதில் நிற்கிறது தெரியுமா? தேங்காய் நார்க்கழிவில், நம் பொள்ளாச்சியில் இருந்தும் இலங்கையில் இருந்தும் போகிறது. நம்மிடம் வாங்கி அவர்கள் வேரைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள், நாம் நூற்புழு மண்ணில் மருந்து ஊற்றிக்கொண்டிருக்கிறோம். நான் அதற்கடுத்த பயிரை நார்க்கழிவு நிரப்பிய பைக்கு, குரோபேக்குக்கு, மாற்றினேன். வாங்கும்போது உப்புக் கழுவிய, லோ ஈசி நார்க்கழிவுதானா என்று பாருங்கள் (ஈசி என்பது கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் எண்). கழுவாததில் சோடியமும் பொட்டாசியமும் ஏறியிருக்கும், செடி முதல் மாதமே கருகும். கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து அலசியது இன்னும் நல்லது.

பைக்கு மாறியதும் அடுத்த உண்மை தெரிந்தது. மண் நிறையத் தப்பை மன்னிக்கும், பை மன்னிக்காது. தண்ணீரில் உள்ள உப்பு அப்படியே வேரில் சேரும். குடைமிளகாய்க்குப் பாசன நீரின் ஈசி 1-ஐத் தாண்டினாலே விளைச்சல் இறங்கத் தொடங்கும். தம்பியின் போர் தண்ணீரைச் சோதிக்கச் சொன்னேன். 2.1 வந்தது. கொட்டேஷன் கொடுத்த மூன்று பேரில் ஒருவர்கூட அவனிடம் தண்ணீர் எப்படி என்று கேட்கவில்லை.

ஹாலந்தில் இவ்வளவு தொழில்நுட்பம் இருந்தும், தண்ணீருக்கு அவர்கள் முதலில் நம்புவது குடில் கூரையில் விழும் மழையை. குடிலுக்குப் பக்கத்தில் குட்டை இருக்கும். காரணம் சோடியம்தான். உப்பில்லாத தண்ணீர் இருந்தால் மட்டுமே பையில் இருந்து வடிந்ததைத் திரும்பத் திரும்பச் சுற்றிவிட முடியும். நம் கணக்கைப் பாருங்கள். ஆயிரம் சதுர மீட்டர் தாள்கூரை, வருடத்துக்கு 800 மில்லிமீட்டர் மழை என்று குறைத்தே வைப்போம். எட்டு லட்சம் லிட்டர். சிந்தியதும் ஆவியானதும் போக ஆறு லட்சம் கைக்கு வரும். பைப் பயிருக்கு வடிகிறதையும் சேர்த்து நாளுக்கு 2,500 லிட்டர் என்றால் பத்து மாதத்துக்கு ஏழரை லட்சம். மூன்று பங்கு மழைநீருக்கு ஒரு பங்கு போர் தண்ணீர் கலந்தால் ஈசி 0.6-க்குள் நிற்கும், மொத்தம் எட்டு லட்சம் லிட்டரும் தேறும். நிழல்வலை இந்த மழையைப் பிடித்துத் தராது. தம்பி விஷயத்தில் வலையைத் தள்ளிவிட்டுப் பாலிஹவுஸ் பக்கம் நான் சாய்ந்ததே இந்த இடத்தில்தான். போரில் நல்ல தண்ணீர் இருந்திருந்தால் “முதல் இரண்டு வருடம் வலை போடு” என்றே சொல்லியிருப்பேன்.

செயற்கை நுண்ணறிவு பற்றியும் கேட்டான், ஏதோ வீடியோ பார்த்திருக்கிறான். 2018-ல் வாகனிங்கனில் ஒரு போட்டி வைத்தார்கள். உள்ளே காலடி வைக்காமல், கணினி வழியாகவே வெள்ளரி வளர்க்க வேண்டும். முதலிடம் வந்த குழு அனுபவமுள்ள விவசாயிகளைவிட அதிக நிகர லாபம் காட்டியது. எனக்கு அது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் அங்கே சூடு, வெளிச்சம், கரியமில வாயு, தண்ணீர் எல்லாமே ஸ்விட்சில் இருந்தன. நம் பாலிஹவுஸில் திருக ஒரு பக்கத் திரையும் ஒரு சொட்டுநீர் வால்வும்தான் இருக்கிறது. ஈரமும் சூடும் காட்டும் ஒரு சின்ன மீட்டர், ஒரு ஈசி மீட்டர், அமில-கார நிலையைக் காட்டும் ஒரு பிஎச் மீட்டர், ஒரு நோட்டு. தினமும் மூன்று வேளை எழுதினால் ஆறு மாதத்தில் உங்கள் குடில் உங்களிடம் பேசத் தொடங்கும். அமெரிக்காவில் கென்டக்கியில் 60 ஏக்கர் கண்ணாடிக்குடிலோடு கிளம்பிய ஆப்ஹார்வெஸ்ட் நிறுவனம் 2023-ல் திவால் மனு போட்டது. பணமும் கருவியும் குறைவில்லாத இடம் அது. கட்டடத்துக்குள் அடுக்கடுக்காகப் பயிர் வளர்த்த பவரி நிறுவனமும் 2024-ல் மூடப்பட்டது.

இனி அந்த ஐந்தே கால் லட்சம் (மானியம் கிடைத்தால் கையில் மிச்சமாவது இதில் பாதி). ஃபேன்-பேடுக்குப் போகாமல் மிச்சமாகிற அந்தப் பணத்தில் தம்பிக்கு நான் போட்டுக்கொடுத்த வரிசை இது. குடிலுக்குக் கீழ்ச்சரிவில் ஐந்து சென்ட்டில் குட்டை, மேலே பதினான்குக்குப் பதினான்கு மீட்டர், ஆழம் மூன்று, பிளாஸ்டிக் விரிப்புப் போட்டது. மூன்றரை லட்சம் லிட்டர் நிற்கும். மழை ஒரே நாளில் வருவதில்லை, பயன்படுத்தவும் நிரம்பவுமாக ஓடும், அதனால் இது போதும். பண்ணைக்குட்டைக்கும் மானியம் உண்டு, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கூரை வாய்க்காலில் இருந்து குட்டைக்குக் குழாயும் வடிகட்டியும். குட்டைக்கு மேல் நிழல்வலை, இல்லாவிட்டால் பாசி பிடித்துச் சொட்டுவான் அடைக்கும். அப்புறம் குரோபேக், உரக் கரைசல் டேங்க் இரண்டு, மூன்று மீட்டர்கள். உள்ளே இழுத்துவிடும் நிழல்திரை, கோடைக்கு மட்டும். பையில் இருந்து வடியும் தண்ணீரைத் தென்னைக்கு விடச் சொல்லியிருக்கிறேன். அதைத் திரும்பச் சுற்றுவதெல்லாம் இரண்டு பயிர் கைப்பழக்கம் வந்த பிறகு. மீதிப் பணத்தைத் தொடாமல் ஆறு மாதச் செலவுக்கு வைக்கச் சொன்னேன், காய் விலை கிலோ 20-க்கு இறங்கும் மாதமும் வரும்.

முதல் பயிர் குடைமிளகாய் வேண்டாம், விதையில்லா வெள்ளரி வை என்றும் சொன்னேன். மகரந்தத்துக்குத் தேனீ தேவையில்லை, மூன்று மாதத்தில் முடிந்துவிடும், தப்புச் செய்தாலும் சீக்கிரம் அடுத்ததற்குப் போகலாம். இதில் அவனுக்கு முழுச் சம்மதம் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றான்.

குட்டை வெட்ட மட்டும் ஒத்துக்கொண்டான். ஆடி முடிவதற்குள் ஜேசிபி வர வேண்டும், புரட்டாசி மழை கூரை இல்லாவிட்டாலும் நேராகவே குட்டையில் கொஞ்சம் விழும். குடிலுக்கான கம்பம் அதற்கப்புறம் நட்டால் போதும்.